டோக்கன், சாப்பாட்டுக்குப் பின்

உடம்பில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, வலது கால் கட்டைவிரலைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அந்த பஸ் டிரைவரும் நாற்பத்தாறு வயது வரை யோசித்தவரில்லை. பத்தொன்பது வருஷமாகத் தான் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது அந்த விரலை நம்பித்தான் என்பது, ஒரு விடியற்காலையில் அது மிதிக்க மறுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மனைவி பதறி வந்து போர்வையை இழுத்துக் காலை மூடினாள். அவர் போட்ட சத்தத்தில் தெருமுனை நாய் குரைத்தது. போர்வையை எடுத்துவிட்டு மின்விசிறியைப் போட்டாள். அதற்கும் சத்தம் போட்டார்.

"காத்து பட்டாக்கூடவா வலிக்கும்?" என்றாள்.

"நீ பேசறதே வலிக்குது."

அவர் சும்மா ஒரு டிரைவர் இல்லை. பிரேக் போடுவதில் அவருக்கு ஊருக்குள் ஒரு பெயர் இருந்தது. அவர் வண்டியில் கர்ப்பிணிகள் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்றபடியே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டு வருவார். வண்டி நின்றதே தெரியாமல் நிற்கும். கதவு திறந்த பிறகுதான் ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதற்கு வந்தது கேடு.

போக்குவரத்துக் கழகத்துக்கு சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு சொந்தமாக ஒரு விதி இருந்தது. ஓட்டுநர்கள் வெளி மருந்து எதையும் தொடக் கூடாது. தொட்டால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் பஸ் மரத்தில் ஏறும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய விதி. மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வெளி மாத்திரையின் வாடை தெரிந்தால் அன்றோடு ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால், வீட்டுக்கு எதிரிலேயே ஒரு மருந்துக்கடை விளக்குப் போட்டுக்கொண்டு சிரித்தபோதும், டிரைவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டோக்கன் கவுன்ட்டரில் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கு வருகிற யாராக இருந்தாலும், முதுகுவலிக்காரர் உட்பட, குனிந்து கும்பிடு போடுவதுபோல நின்றுதான் பேச முடியும். உள்ளே இருந்தவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் பாக்கி. அவர் விரலைப் பார்க்கவில்லை. விரல் அவர் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது.

"எந்தத் துறை?"

"கால் கட்டைவிரல்ங்க."

"மூட்டுத் துறை," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டு, மஞ்சள் அட்டை ஒன்றைக் கிழித்து ஓட்டை வழியாகத் தள்ளினார். எண் நாற்பத்தொன்று. தேதி, அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள்.

டிரைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது வேறு தேதி இருக்குமோ என்று நினைத்திருப்பார். பின்பக்கத்தில் 'பொறுமை காப்பீர்' என்று இருந்தது.

வெளியே வரும் வழியில் மருந்து கொடுக்கும் ஜன்னல். அங்கே இருந்த அம்மாளை எல்லோரும் 'மருந்தம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருவர்தான் அன்று எட்டிப் பார்த்து விரலைப் பார்த்தார். பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார்: கௌட். பிறகு, சமையலறையில் நின்று பேசுகிறவர் மாதிரி விளக்கினார்.

"ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு. அது மிஞ்சிப்போனா, பாகு ஆறினதும் அடியில கல் கட்டுற மாதிரி மூட்டுல போய் ஊசி ஊசியா படிஞ்சுடும். உடம்பு அதைப் பார்த்துட்டு, திருடன் வந்துட்டான்னு பட்டாளத்தைக் கூப்பிடும். பட்டாளம் திருடனைப் பிடிக்குதோ இல்லையோ, வீட்டை உடைச்சுடுது. அந்த வீக்கம்தான் இது."

அந்தப் பட்டாளத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாத்திரை உண்டாம். ஒரு விஷக் கிழங்கிலிருந்து எடுப்பது. முதல் நாளே, அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும். அளவு மீறினால் வயிற்றால் போகும். ரொம்ப மீறினால் ஆளே போய்விடலாம். இரண்டாவது, வீக்கத்தை அமுக்குகிற வலி மாத்திரை. அதை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். மூன்றாவது, யூரிக் ஆசிட்டையே குறைக்கிற மாத்திரை. அதை விடாமல் தினம் சாப்பிட்டால் வலி வருவதே வருஷக்கணக்கில் குறைந்து நின்றுபோகும்.

"மூணும் இந்த பீரோவுலதான் இருக்கு," என்று சாவியை ஆட்டிக் காட்டினார்.

"முதல்ல சொன்னதுல ஒண்ணு குடுங்கம்மா."

"டாக்டர் கையெழுத்து வேணும். வலி இருக்கற அன்னிக்கே போட்ட கையெழுத்து."

"டாக்டர் பன்னெண்டாம் நாள்தானே பார்ப்பார்?"

"அதனாலதான் மாத்திரை இன்னும் இருக்கு," என்றார் மருந்தம்மா.

பன்னிரண்டு நாளும் டிரைவர் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அந்த விரலைப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். மூன்று நாள் உச்சம். ஐந்தாம் நாள் அலறல் முனகலாகியது. எட்டாம் நாள் தோல் உரிந்தது. பத்தாம் நாள் செருப்பு நுழைந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். நடந்து போனது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

மூட்டுத் துறைத் தலைவர் உயரமானவர். பேசும்போது எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு, எதிர்காலத்தில் தனக்கு வைக்கப்போகும் சிலையைப் பார்ப்பதுபோலத் தலையைத் தூக்கிக்கொண்டு பேசுவார்.

"எந்த விரல்?"

டிரைவர் காட்டினார். தலைவர் அதை ஒரு முறை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்லீங்க."

'குணம்' என்று ஒரு ரப்பர் முத்திரை. சத்தத்தோடு விழுந்தது.

இனி வராமல் இருக்க தினமும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று உண்டாமே என்று டிரைவர் மெல்லக் கேட்டார். தலைவர் முகம் சுளித்தார். மருந்து என்பது நோயாளிக்கு. வலி இல்லாதவர் எப்படி நோயாளி ஆவார் என்று கேட்டார். அப்படியானால் வலி வரும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார் டிரைவர்.

"வலி இருக்கும்போது அந்த மாத்திரையை ஆரம்பிக்கக் கூடாதுய்யா. ஆரம்பிச்சா வலி கூடும். இது நான் சொல்றதில்ல. புத்தகம் சொல்லுது."

"அப்ப எப்பதாங்க ஆரம்பிக்கறது?"

"நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு, தலைவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

இரண்டாவது தடவை வலி வந்தபோது டிரைவர் சாமர்த்தியமாக நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போனார். கையில் ஒரு ஆதாரம் இருந்தால் பன்னிரண்டு நாளைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று கணக்கு. யூரிக் ஆசிட் சாதாரண அளவுக்குள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது சில பேருக்கு அது ரத்தத்தில் அப்படித்தான் குறைந்து காட்டும், அதை நம்பக் கூடாது என்று மருந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். மூட்டுத் துறை நம்பியது. அந்த ரிப்போர்ட்டின் மீதும் 'குணம்' விழுந்தது. டிரைவருக்குக் குணமாகிவிட்ட செய்தியை அவரிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்தார்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய காரியம் நடந்தது. வருஷாந்தர அறிக்கைக்காகத் தலைவர் கணக்கெடுக்கச் சொன்னார். அந்த வருஷம் கௌட் என்று டோக்கன் வாங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பன்னிரண்டாம் நாள் குணமாக இருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இவர்களுக்குச் செலவான மாத்திரை, பூஜ்யம். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி நடந்ததாகத் தலைவர் படித்ததில்லை. இத்தனை பேருக்கும் பொதுவாகக் கொடுத்தது என்ன என்று தேடினார்கள். தேடியதில் கிடைத்தது மஞ்சள் அட்டை.

மருந்துக் குழு கூடியது. அந்த வலி மருந்தே இல்லாமல் ஏழெட்டு நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், தானாகவே அடங்கிவிடும் ஜாதி என்று மருந்தம்மா எழுந்து சொன்னார். அடங்கினாலும் உள்ளே ஊசிகள் அப்படியேதான் இருக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வரும், பிறகு மூட்டையே தின்றுவிடும் என்றார். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைங்க இது," என்று முடித்தார்.

குழு அறிக்கையைப் புரட்டி எண்ணை இன்னொரு முறை பார்த்தது.

"நானூத்திப் பன்னிரண்டு தடவை உக்காந்து நானூத்திப் பன்னிரண்டு தடவையும் விழுந்திருக்கும்மா," என்றார் தலைவர். "அந்தக் காக்காவைத்தான் நாம விட்டுடக் கூடாதுன்னு சொல்றேன்."

ஒப்பிட்டுப் பார்க்க ஆளும் கிடைத்தார்கள். நடுவில் மூன்று வாரம் தற்காலிகமாக வந்திருந்த ஒரு பெண் டாக்டர், விஷயம் தெரியாமல், வலியோடு வந்த பதினொரு பேருக்கு டோக்கன் இல்லாமலே, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு மாத்திரை கொடுத்திருந்தார். பதினொரு பேரும் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒருவரும் பன்னிரண்டாம் நாள் பரிசோதனைக்கு வரவில்லை. குழு அதைக் கவனத்துடன் பரிசீலித்து, 'மாத்திரை பெற்றவர்களில் குணமானதாக உறுதி செய்யப்பட்டவர்கள்: எவருமில்லை' என்று பதிவு செய்தது. அந்த டாக்டரைக் கண் துறைக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் கையேடு வெளிவந்தது. மருந்தின் பெயர்: டோக்கன். நிறம்: மஞ்சள். அளவு: ஒன்று. செயல்படத் தொடங்கும் நேரம்: வாங்கிய மூன்றாம் நாளிலிருந்து. முழுப் பலன்: பன்னிரண்டாம் நாள். வலி மாத்திரைகளைப் போல வயிற்றில் புண் உண்டாக்குவதில்லை, சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, கிழங்கு மாத்திரையைப் போல வயிற்றால் போவதில்லை. பக்க விளைவு: சிலருக்கு எரிச்சல், டோக்கன் கவுன்ட்டரை நோக்கி உரக்கப் பேசுதல். பத்திரப்படுத்தும் முறை: வியர்வை படாமல், சட்டைப் பையில். இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒரு மருந்துக் கையேட்டுக்கு ஏதோ குறைவதாகக் குழுவுக்குத் தோன்றியது. வலி மாத்திரைகளின் கையேட்டை எடுத்துப் பார்த்தார்கள். குறை தெரிந்தது. 'சாப்பாட்டுக்குப் பின்' என்று கடைசியில் சேர்த்தார்கள்.

மூன்றாவது தடவை வலி வந்து டிரைவர் கவுன்ட்டரில் குனிந்தபோது, உள்ளே இருந்தவர் முதன்முறையாக நலம் விசாரித்தார்.

"சாப்பிட்டீங்களா?"

டிரைவருக்கு நெகிழ்ந்துபோனது. இல்லை என்றார்.

"சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல குடுக்கக் கூடாது."

கேன்டீன் நூறு அடி தூரம். டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனார். ரொட்டி இரண்டு துண்டு தின்றார். திரும்பி வந்தபோது கவுன்ட்டர் மூடியிருந்தது. உள்ளே இருந்தவரும் சாப்பிடப் போயிருந்தார். ஆனது ஆகட்டும் என்று டிரைவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு செருப்பும் விரலுக்கு மேலே பறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிப்போ மேனேஜர் நல்ல மனுஷர். ஆனால் காகிதத்துக்குக் கட்டுப்பட்டவர். நான்காவது தடவைக்குப் பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கோப்பு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். நூற்றுக்கு நூறு பேர் குணமாகிற வியாதிக்கு லீவு எதற்கு என்று மேலிடம் கேட்டிருந்தது. டிரைவர் நாற்பத்தெட்டு நாள் காரணமில்லாமல் வரவில்லை என்று அதில் இருந்தது.

"உங்க பிரேக்கைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் மேனேஜர். "ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஸ்டீயரிங்கை நான் காப்பாத்த முடியாது. சொல்லிட்டேன்."

டிரைவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி எதிர்த்த மருந்துக்கடையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மறுநாள் மாத ரத்தப் பரிசோதனை. இருவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தலைவரிடமிருந்து ஆள் வந்தது. டோக்கன் சிகிச்சைக்கு ஒரு பாராட்டு விழா. பல ஊர்களிலிருந்தும் டாக்டர்கள் வருகிறார்கள். நான்கு தடவை வியாதி வந்து நான்கு தடவையும் குணமானவர் ஆஸ்பத்திரியிலேயே அவர் ஒருவர்தான். ஆகவே மேடையேறி நான்கு வார்த்தை பேச வேண்டும். பேச வேண்டியதை டைப் அடித்தே கொடுத்தார்கள். 'டோக்கனைக் கையில் வாங்கிய கணமே என்னுள் ஒரு தெளிவு பிறந்தது' என்று தொடங்கியது.

டிரைவர் தயங்கினார். தலைவர் அவர் தோளில் கை போட்டார். அந்தக் கை இதற்கு முன் எந்த நோயாளியின் தோளையும் தொட்டதில்லை.

"நல்லாப் பேசிடுங்க. அந்த தினசரி மாத்திரை கேட்டீங்களே, விழா முடிஞ்சதும் நானே கையெழுத்துப் போடறேன். வலி இருக்கு இல்லைன்னெல்லாம் பார்க்க வேணாம்."

அதற்காக டிரைவர் பத்து நாள் மனப்பாடம் செய்தார். மனைவி காகிதத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். 'தெளிவு பிறந்தது' என்ற இடத்தில் அவருக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு தடுமாறியது. ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. மனைவியின் தம்பியிடம் இரவல் வாங்கினார்கள்.

விழா நாள் காலை ஆறு மணிக்கு விரல் வந்துவிட்டது. வலது கால், அதே கட்டைவிரல், அதே கத்தரிக்காய் நிறம். டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வாழ்க்கையில் இப்போது ஏறுவதற்கே கால் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மனைவிக்கு வேறு தோன்றியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

"என்னங்க, இங்க பாருங்க. இத்தனை நாளா வலி இருந்தா டாக்டர் இல்ல, டாக்டர் இருந்தா வலி இல்ல. இன்னிக்குத்தான் ரெண்டும் ஒரே மேடையில இருக்கப்போகுது. அத்தனை டாக்டருங்க. கண்ணு முன்னாடி காலை நீட்டினா எவன் இல்லைன்னு சொல்ல முடியும்?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து, தம்பியின் ஷூவில் வலது முனையை வட்டமாக வெட்டினாள். விரல் வெளியே வந்து உலகத்தைப் பார்த்தது. அப்படியே கூட்டிப் போனாள். போவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று, ரொட்டியும் ஊட்டிவிட்டாள்.

மண்டபத்தில் முதல் இரண்டு வரிசை முழுக்க டாக்டர்கள். தலைவர் பேசினார்.

"ஒரு நோயாளி வலியோடு வருகிறார். உலகம் என்ன செய்கிறது? அவசரப்பட்டு அவருக்கு மருந்து கொடுக்கிறது. நாங்கள் அவரைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மனத்திடம் வேண்டும். இருபது வருஷமாக நான் ஒரு கௌட் நோயாளியையும் வலியோடு பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வலியே இல்லாத மனிதர்கள்தான் என் அறைக்குள் வருகிறார்கள். இதைவிட ஒரு துறைக்கு வேறென்ன சான்று வேண்டும்? இப்போது குடல்வாலுக்கும் மாரடைப்புக்கும் இதே முறையைப் பரிசோதிக்கிறோம். அங்கேயும் பன்னிரண்டாம் நாள் யாரும் புகார் சொல்ல வருவதில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் டிரைவரை அழைத்தார்கள். மேடைக்கு ஆறு படி. ஆறாவது படியில் அவர் முகம் வெள்ளையாகிவிட்டது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காகிதம் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"வலிக்குதுங்க," என்றார்.

மைக் நல்ல மைக். மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி, அத்தனை டாக்டர்களுக்கும் எதிரே நீட்டினார். வெட்டிய ஷூவின் ஓட்டையில் விரல் மேடை விளக்கில் மின்னியது. முதல் வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவரிடம், புத்தகத்தில் இருக்கிற படம் மாதிரியே இருக்கிறதே என்று வியந்தது கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து மருந்தம்மா எழுந்து வந்தார். உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. படியேறும்போதே பேசினார்.

"காலையில ஆறு மணிக்கு வந்த வலியாம் சார், இவர் சம்சாரம் சொன்னாங்க. இன்னும் ஆறு மணி நேரம்கூட ஆகல. கிட்னி ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு, நான் பார்த்துட்டேன். ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு நடந்துடுவாரு."

மண்டபம் தலைவரைப் பார்த்தது. தலைவர் விரலைப் பார்த்தார். வலிக்கிற விரலை இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்; அதனால் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. சட்டைப் பையைத் தடவினார்.

"பேனா இருக்கா?" என்றார்.

சிறப்பு விருந்தினர் தங்க மூடி போட்ட பேனாவை நீட்டினார். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே நின்றிருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் குனிந்து, மிகுந்த பரிவோடு டிரைவரைக் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேங்க."

"அப்ப குடுக்கலாம்," என்று தலைவர் நிமிர்ந்தார். விழாவுக்காக அலங்காரமாகச் செய்து வைத்திருந்த, ஆள் உயரத்தில் பாதி இருந்த மஞ்சள் மரப்பலகை டோக்கனை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தலைவர் அதில் பன்னிரண்டாம் நாள் தேதியைப் போட்டு, கீழே கையெழுத்திட்டார். "நண்பர்களே, சிகிச்சை தொடங்கும் அந்தக் கணத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது," என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படக்காரர், டோக்கன் தெரிகிற மாதிரி காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னார்.

மருந்தம்மா மேடையின் ஓரத்தில் நின்றபடியே இருந்தார். கை மூடியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு திறந்தபோது வியர்வையில் மாத்திரை பாதி கரைந்திருந்தது. ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். பீரோவில் திருப்பி வைத்துவிட்டு, கரைந்ததற்கு விளக்கம் எழுத வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் ஐந்தாவது 'குணம்' விழுந்தது. தினசரி மாத்திரைக்கான கையெழுத்தைப் பற்றி டிரைவர் நினைவுபடுத்தினார். நல்லாப் பேசினால் என்றுதான் சொன்னேன் என்று தலைவர் வருத்தத்தோடு பதில் சொன்னார்.

மருத்துவக் குழு டிரைவரின் விஷயத்தை எடுத்துக்கொண்டது. அவர் நோயாளி என்று எழுத முடியவில்லை. ஐந்து தடவை குணமானவர். பிரேக் மிதிக்கலாம் என்றும் எழுத முடியவில்லை; அத்தனை டாக்டர்கள் விரலைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில், 'நோய் ஏதுமின்றி ஓட்டுவதற்குத் தகுதியற்றவர்' என்று எழுதினார்கள். ஸ்டீயரிங் போயிற்று. டிப்போ மேனேஜர் கோப்பை மூடும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் தலைவர் கைவிடவில்லை. டோக்கன் கவுன்ட்டர்காரர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். காலுக்கு வேலையில்லாத இடம். தவிரவும், மருந்தை ஐந்து தடவை உட்கொண்ட அனுபவசாலி வேறு யார் இருக்கிறார்கள்? டிரைவரை அங்கே உட்காரவைத்தார்கள். ஓர் உத்தரவும் கொடுத்தார்கள்: நோயாளிகளிடம் மருந்தைப் பற்றிக் கையேட்டில் இல்லாத எதையும் சொல்லக் கூடாது.

முதல் நாள் காலை அவர் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் அட்டைக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவருடைய பழைய வண்டி வந்து நின்றது. புது டிரைவர். பிரேக் கிறீச்சிட்டு, உள்ளே யாரோ யார்மேலோ விழுந்து, வசவு கேட்டது.

ஓட்டைக்கு வெளியே ஒரு முகம் குனிந்தது. இளம் வயது, காக்கிச் சட்டை, நெற்றியில் வியர்வை. ஒரு கை கண்ணாடியில் ஊன்றியிருந்தது. டிரைவர் எழுந்து எட்டிப் பார்த்தார். ஒற்றைக் காலில் நின்றிருந்தான். இன்னொன்றில் செருப்பு இல்லை. விரலின் நிறம் அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"எப்பத்திலேருந்து தம்பி?"

"விடிகாலையிலேருந்துண்ணே. போர்வை பட்டாக்கூட உயிர் போகுது."

டிரைவர் மருந்து ஜன்னலைப் பார்த்தார். மருந்தம்மாவும் அங்கிருந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய் எந்தக் கடையிலாவது வாங்கிப் போட்டுக்கொள் என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பையனின் ஸ்டீயரிங் போகும். சொல்லாவிட்டாலும் போகும், கொஞ்சம் தாமதமாக, ஐந்தாவது தடவை. டிரைவர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து எது வரப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இந்த வலியில எங்கண்ணே சாப்பிடறது?"

"கேன்டீன்ல ரொட்டி இருக்கும். ரெண்டு துண்டாவது சாப்பிட்டுட்டு வாங்க. மெதுவாப் போங்க, சுவத்தைப் பிடிச்சுக்குங்க. நான் கவுன்ட்டரை மூட மாட்டேன்."

பையன் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். கூடத்தில் அவனுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் டிரைவரின் வலது கால் தானாக முன்னே நீண்டு, வெறும் தரையை மெல்ல, மிக மெல்ல, மிதித்தது.